இருட்டில் எலியை எண்ணும் படிகம்

சென்சார் வைத்த எலிப்பெட்டிகளைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் வேலை பார்க்கும் கிடங்கில் சுவரோரமாகக் கறுப்புப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். எந்தப் பெட்டிக்குள் எத்தனை மணிக்கு எலி நுழைந்தது என்று போனுக்குத் தகவல் வந்துவிடுகிறதாம். "திறந்து பார்த்தேன். கேமரா இல்லை, விளக்கு இல்லை. இருட்டில் எலி வந்தது அதற்கு எப்படித் தெரிகிறது? வந்தது எலிதான், காற்றில் நகர்ந்த குப்பை இல்லை என்று எப்படிச் சொல்கிறது?"

இரண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கான பதில் ஒரு சின்னப் படிகத்துக்குள் இருக்கிறது.

பழைய முறை எல்லோருக்கும் தெரியும். பொறியோ மருந்தோ வைத்துவிட்டு, சில வாரம் கழித்து ஆள் வந்து புழுக்கையையும் பல் பட்ட தடத்தையும் தேடுவார். சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள்தான். ஆள் மாதம் ஒருமுறை வந்தால், ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் இடையில் புதுத் தலைமுறையே பிறந்துவிடும். ஆகவே ஆள் இல்லாத நேரத்திலும் கவனிக்க ஏதாவது வேண்டும்.

அதற்குப் பல வழிகள் உண்டு. பொறியின் கம்பியில் ஒரு காந்தம், எதிரே காந்தத்துக்கு மட்டும் மூடித் திறக்கும் ஒரு சுவிட்ச். பொறி அடித்ததும் காந்தம் நகர, சிக்னல் போய்விடும். மலிவு, உறுதி. ஆனால் சிக்கிய எலியைப் பற்றி மட்டுமே அது சொல்லும். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிய பத்து எலிகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அகச்சிவப்பு ஒளிக்கற்றை ஒன்றைக் குறுக்கே பாய்ச்சி, அது அறுபட்டால் எண்ணிக்கொள்ளலாம். தூசியும் சிலந்தி வலையும் சீக்கிரமே அதைக் கெடுத்துவிடும். மின்தேக்கி முறையும் இருக்கிறது: உடம்பில் நீர் நிறைந்த எதுவும் அருகே வந்தால் தகடுகளுக்கு இடையிலான மின்தேக்குத் திறன் மாறும். இதன் பலவீனத்தை அப்புறம் சொல்கிறேன்.

சரி, படிகத்துக்கு வருவோம்.

சூடுள்ள எந்தப் பொருளும் கதிர்வீசும் என்று பள்ளியில் படித்திருப்போம். எலியின் உடல் வெப்பநிலை நம்முடையதைப் போலவே 37 டிகிரி செல்சியஸை ஒட்டியது. ரோமத்தின் மேற்பரப்பு இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி. வெப்பநிலையை வைத்துக் கதிரின் அலைநீளத்தைச் சொல்லும் வீன் விதியில் போட்டுப் பார்த்தால், அது அதிகமாக வீசும் கதிரின் அலைநீளம் ஏறக்குறைய 9.5 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைவிட 13 மடங்கு நீளம். அதாவது, எலி இருட்டிலும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஒளியைப் பார்க்கும் கண்தான் நம்மிடம் இல்லை.

பெட்டியிலுள்ள சென்சாரில் பெரும்பாலும் லித்தியம் டான்டலேட் போன்ற ஒரு படிகத்தின் மெல்லிய வில்லை இருக்கும். இந்த வகைப் படிகங்களில் நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் சமச்சீராக அமைந்திருப்பதில்லை. நேர் மின்னூட்டத்தின் மையம் ஒரு பக்கம், எதிர் மின்னூட்டத்தின் மையம் இன்னொரு பக்கம் என்று நிரந்தரமாக விலகி நிற்கும். அப்படியென்றால் படிகத்தின் ஒரு முகம் எப்போதும் நேர் மின்னூட்டத்தோடு இருக்க வேண்டுமே? இருப்பதில்லை. சுற்றியுள்ள மின்னூட்டங்கள் வந்து ஒட்டிக்கொண்டு அதைச் சமன்செய்துவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் சாதுவான கல்.

இப்போது அதன்மேல் கொஞ்சம் வெப்பம் படட்டும். அயனிகளின் அதிர்வு கூடும், மையங்களுக்கு இடையிலான விலகல் இம்மியளவு குறையும். சமன்செய்ய வந்து ஒட்டியிருந்த மின்னூட்டத்தில் ஒரு பங்கு திடீரென்று உபரியாகிவிடும். அந்த உபரி கம்பி வழியே ஓடுவதுதான் சிக்னல். சற்று நேரத்தில் எல்லாம் மறுபடி சமனாகிவிடும். படிகம் சூடாகவே இருந்தாலும் சரி, சிக்னல் நின்றுபோகும்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் சொக்கிப்போகிறேன். இந்தப் படிகத்துக்கு வெப்பம் தெரியாது, வெப்பத்தின் மாற்றம் மட்டுமே தெரியும். அசையாமல் கிடக்கும் சூடான குழாய் அதன் கணக்கில் இல்லவே இல்லை. ஓடும் எலி இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். தணலருகே வைத்தால் அந்தக் கல் சாம்பலை இழுப்பதும், அப்புறம் உதறித் தள்ளுவதுமாக வித்தை காட்டியது. 1756-இல் ஏபினுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அது மின்சாரத்தின் வேலை என்று காட்டினார். யாருக்கும் பயனில்லாத வேடிக்கையாக இருந்த ஒன்று இன்று எலி எண்ணுகிறது. "இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம்?" என்று நிதி ஒதுக்கும் முன்பே கேட்பவர்களிடம் இந்தக் கல்லைக் கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றும்.

ஒரு படிகம் போதாது. காலையில் வெயில் ஏறினால் பெட்டி முழுதும் சூடாகும், அதுவும் மாற்றம்தானே? அதற்காக ஒரே மாதிரியான இரண்டு வில்லைகளை எதிரெதிராக இணைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றாகச் சூடானால் ஒன்றின் நேர் மின்னூட்டம் மற்றதன் எதிர் மின்னூட்டத்தோடு கழிந்து பூஜ்யமாகும். எலியோ முதலில் ஒன்றின் பார்வையில் படும், பிறகு மற்றதன் பார்வையில் படும். ஆகவே சிக்னல் ஒருமுறை மேலே எழும்பி, உடனே கீழே இறங்கும். எது முதலில் என்பதைப் பார்த்தால் எலி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்பதுகூடத் தெரியும்.

முன்னால் இருக்கும் வெண்ணிறத் தகட்டையும் சொல்ல வேண்டும். கண்ணாடி இந்த நீண்ட அலைகளை விடாது, அதனால் பாலிதீனில் செய்கிறார்கள். அதில் வட்டவட்டமாகக் கோடு போட்டிருப்பது, 1820-களில் கலங்கரை விளக்கங்களுக்காக ஃபிரெனெல் என்ற பிரெஞ்சு அறிஞர் வகுத்த அதே லென்ஸ் முறை.

இனி வாசகரின் இரண்டாம் கேள்வி. காகிதமும் குப்பையும் சுற்றுப்புறத்தின் வெப்பநிலையிலேயே இருப்பவை, அவை நகர்ந்தாலும் படிகத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. இதைவிட அழகான உதாரணம் நத்தை. மருந்துக் கட்டியை நத்தைகளும் விரும்பித் தின்னும். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் அந்த மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. கட்டி கரைந்திருப்பதைப் பார்த்து "எலி தின்றிருக்கிறது" என்று எண்ணி மறுபடி மருந்து வைத்த கதைகள் இந்தத் தொழிலில் நிறைய. உடம்பெல்லாம் நீரான நத்தை மின்தேக்கி சென்சாரை ஏமாற்றிவிடும். படிகத்தை ஏமாற்ற முடியாது, நத்தைக்குச் சொந்தச் சூடு கிடையாது.

ஆனால் எலியின் ரோமமும் சுவரும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும் கடும் கோடையில் இந்தப் படிகமும் தடுமாறும். சூடான காற்று திடீரென்று வீசினாலும் குழம்பும். அதனால் நல்ல கருவிகள் இரண்டு வகைச் சென்சார்களைச் சேர்த்து வைத்து, இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் எண்ணுகின்றன. டென்மார்க்கில் உருவான கழிவுநீர்க் குழாய்ப் பொறி ஒன்று இப்படி வெப்பம், அசைவு இரண்டையும் பார்த்த பிறகே அடிக்கிறது; எலியை மட்டும்தான் அடிக்க வேண்டும், மிதந்து வருவதையெல்லாம் அடிக்கக் கூடாதே.

எண்ணியதை அனுப்புவது எளிது. ஒரு செய்திக்குச் சில பைட்டுகளே போதும் என்பதால், லோரா போன்ற மெதுவான, நெடுந்தூர ரேடியோ முறையில் அனுப்புகிறார்கள். பேட்டரி ஆண்டுக்கணக்கில் வரும்.

தகவல் கைக்கு வந்த பிறகு கட்டுப்படுத்தும் முறையே மாறுகிறது. எலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். ஒரு புதுப் பெட்டியை நாள்கணக்கில் சுற்றிப்போகும். சென்சார் இருந்தால் பொறியைப் பூட்டாமல் வெறுமே இரையை வைத்துக் காத்திருக்கலாம், பயம் தெளிந்து தாராளமாக வந்துபோவது எண்ணிக்கையில் தெரிந்த பிறகு பூட்டலாம். எலி இல்லாத இடத்தில் வருஷம் முழுக்க மருந்து வைத்திருக்கவும் வேண்டாம். இது முக்கியம். வார்ஃபரின் எலி மருந்தாக வந்தது 1948-இல். 1958-இலேயே ஸ்காட்லாந்தில் அதற்கு அடங்காத எலிகள் தென்பட்டன. அதன்பின் வந்த வீரியமான மருந்துகள், எலியைத் தின்ற ஆந்தைகளின் உடம்பிலும் போய்ச் சேர்கின்றன.

இதற்கு நடுவில், கேளா ஒலி எழுப்பி எலியை விரட்டும் கருவிகளும் அமோகமாக விற்கின்றன. எலிக்கு அந்த ஒலி கேட்கும் என்பது உண்மை. சீக்கிரமே பழகிவிடும் என்பதும் உண்மை. 2001-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று இத்தகைய கருவிகளைத் தயாரிப்பவர்கள், விற்பவர்கள் 60-க்கும் மேற்பட்டோருக்கு எச்சரிக்கை அனுப்பியது. மின்சாரத்தில் ஓடுவதாலேயே ஒன்று அறிவியல் ஆகிவிடாது. எனக்கு இவை தாயத்தின் நவீன வடிவங்கள்தான்.

சென்சாரையும் தாயத்தாக்கிவிடலாம். 1940-களில் பால்டிமோர் நகரில் எலிகளை ஆராய்ந்த டேவிட் டேவிஸ் குழு ஒன்றைக் கவனித்தது: கொன்று குறைத்தால் கொஞ்ச காலத்தில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடுகிறது, உணவையும் மறைவிடத்தையும் குறைத்தால்தான் எண்ணிக்கை கீழேயே நிற்கிறது. ஆகவே பெட்டியில் எண் ஏறினால், அடுத்த வேலை எந்தப் பெட்டியில் முதலில் ஏறியது என்று பார்த்து, அங்கிருந்து ஓட்டையைத் தேடுவது. 6 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். அந்த இடுக்கைத் தேட டார்ச் விளக்கும், மண்டியிடத் தயாரான ஆளும்தான் வேண்டும்.

அடைத்த பிறகு எண் பூஜ்யத்துக்கு வரும். செத்துப்போன பேட்டரியும் அதே பூஜ்யத்தைத்தான் காட்டும். அதனால் ஒழுங்காகச் செய்த பெட்டி, எலி வராவிட்டாலும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை "வேலை செய்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பும். வாங்கும்போது முதலில் விசாரிக்க வேண்டியது அந்தச் செய்தியைப் பற்றித்தான்.