ஹட்சுஹினோதே: தமிழில் எப்படிச் சொல்வது?

ஜனவரி 1 அன்று இருட்டோடு கிளம்பிக் கடற்கரையிலோ மலையுச்சியிலோ கிழக்கே பார்த்து நிற்பது ஜப்பானில் பலருக்கு வழக்கம். ஆண்டின் முதல் சூரியோதயத்தோடு தோஷிகாமி என்னும் ஆண்டுத் தெய்வம் வருவதாக நம்பிக்கை. அந்த உதயத்தின் பெயர்தான் ஹட்சுஹினோதே. ‘ஹட்சு’ என்றால் முதல், ‘ஹி’ சூரியன், ‘நோ’ நம்முடைய ‘உடைய’, ‘தே’ வெளிவருதல்.

ஜப்பான் 1873இல்தான் கிரகோரி நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முன் புத்தாண்டு பெரும்பாலும் ஜனவரிக் கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வந்தது. இப்போது அது மார்கழியிலேயே வந்துவிடுகிறது. குளிர்காலச் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், இன்னும் கிழக்கே இருக்கும் வடதீவான ஹொக்கைதோவின் நொசாப்பு முனையை, தெற்கே சிபா மாநிலத்தின் இனுபோ முனை முந்திவிடும். அங்கே 6:46க்கே சூரியன் தெரியும்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘ஹட்சு’ என்றதும் நமக்குத் தலைப்பிள்ளை, தலைத் தீபாவளியில் வரும் ‘தலை’ நினைவுக்கு வரும். ஆனால் அது வாழ்நாளில் ஒருமுறைதான். ஹட்சு ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும்: ஆண்டின் முதல் கோயில் வழிபாடு ஹட்சுமோதே, முதல் கனவு ஹட்சுயுமே. அப்புறம், ‘தலைஞாயிறு’ என்று எழுதினால் முதல் ஞாயிற்றுக்கிழமை என்று படிப்பவர்களே அதிகம் இருப்பார்கள்; அந்தப் பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. ‘முதல் விடியல்’ கேட்க நன்றாக இருந்தாலும் பொருள் தவறுகிறது. சூரியன் தெரிவதற்கு முன்பே விடிந்துவிடுமே! ஜப்பானியச் சொல் வெளிச்சத்தை அல்ல, வட்டம் மேலே வருவதைச் சொல்கிறது. அதனால் என் தேர்வு ‘புத்தாண்டுக் கதிரெழுச்சி’. கதிர் என்றால் நெற்கதிரும்தான், ஆனால் ‘எழுச்சி’ சேர்ந்தால் யாரும் வயலுக்குப் போக மாட்டார்கள்.

மலைமேலிருந்து காணும் உதயத்துக்கு ஜப்பானில் கொரைகோ என்று தனிச் சொல் உண்டு. ஃபூஜி ஏறுபவர்கள் எந்தப் பருவத்திலும் அதைச் சொல்வார்கள். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கொரியாவிலும் ஜனவரி 1 அன்று இதே கூட்டம்தான், ஆனால் சொல் வேறு: ஹேமாஜி. ‘ஹே’ சூரியன், ‘மாஜி’ எதிர்கொண்டு வரவேற்றல். கொரிய மொழியில் ‘ஹே’ ஆண்டையும் குறிக்கும் என்பதால் இந்தச் சொல்லுக்குள் புத்தாண்டு வரவேற்பும் ஒளிந்திருக்கிறது. சூரியன் எழுவதற்கு அவர்களிடம் ஹேதோஜி என்ற வேறு சொல் இருக்கிறது. ஆகவே ஹேமாஜியைக் கதிரெழுச்சி என்று எழுதுவது பிழை. அது மனிதர்கள் செய்யும் செயல். ‘கதிர் எதிர்கொள்ளல்’ என்பதே சரி. விருந்தாளியை வாசல்வரை போய் அழைத்துவரும் அதே எதிர்கொள்ளல். ‘ஊல்சானின் கான்ஜோல்கோட் முனைக்குக் கதிர் எதிர்கொள்ளப் போனார்கள், கதிரெழுச்சி 7:31க்கு’ என்று ஒரே வரியில் இரண்டையும் எழுதலாம்.