கரண்ட் போய் வந்த பிறகும் உங்கள் சர்வருக்கு வழி தெரியுமா?

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மண்ணடியில் கன்டெய்னர் கிளியரிங் பார்க்கும் ஓர் அலுவலகத்திலும் அப்படித்தான், யுபிஎஸ் பேட்டரி முழுதும் இறங்கி சர்வர் நின்றுபோனது. கரண்ட் வந்ததும் அது தானாகவே எழுந்தது. எல்லா விளக்கும் பச்சை. அலுவலகத்துக்குள் பில் போடுகிறார்கள், இன்டர்நெட் வருகிறது, மெயில் போகிறது. மணலியில் இருக்கும் அவர்களுடைய கன்டெய்னர் யார்டிலிருந்து மட்டும் சர்வரைத் தொட முடியவில்லை.

யார்டு கேட்டில் என்ட்ரி போடும் தம்பி போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, சர்வர் ஓடுதுன்றாங்க, எங்களுக்கு மட்டும் வரவே மாட்டேங்குது. வெளிய வண்டி வரிசையா நிக்குது, டிரைவருங்க கத்துறாங்க." எண்ணூர் விரைவு சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரலில் இருந்த அவசரம் புரியும். தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் வழியாக, தேங்கிய தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அதற்குள் அலுவலகத்தையும் யார்டையும் இணைக்கும் லிங்க்கைக் கொடுக்கும் நிறுவனத்துடன் அலுவலகத்தில் இருந்தவர்கள் சண்டையே போட்டு முடித்திருந்தார்கள். அந்த நிறுவனமோ "எங்க லிங்க் நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அவர்கள் சொன்னது உண்மை.

அமைப்பு எளிமையானதுதான், எண்களை மாற்றிச் சொல்கிறேன். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு. முதல் கார்டு அலுவலக நெட்வொர்க்கில், 192.168.10.5 என்ற முகவரியோடு. பிராட்பேண்ட் ரவுட்டர் 192.168.10.1, அதுதான் டீஃபால்ட் கேட்வே, அதாவது தனி வழி தெரியாத எல்லாவற்றையும் சர்வர் அனுப்பும் வாசல். இரண்டாவது கார்டு மணலி லிங்க்குக்கு, 172.16.5.2, எதிர்முனை 172.16.5.1. அந்த முனைக்கு அப்பால் யார்டின் நெட்வொர்க், 192.168.40.0/24, அதாவது 192.168.40 என்று தொடங்கும் முகவரிகள். இருக்கிறாயா என்று கேட்கும் பிங்கை எதிர்முனைக்கு அடித்தால் அழகாகப் பதில் வருகிறது, யார்டில் இருக்கும் எந்த மெஷினுக்கு அடித்தாலும் மௌனம்.

கார்டில் வந்து போவதைக் காட்டும் டிசிபிடம்ப்பை இரண்டு கார்டிலும் ஓட விட்டேன். யார்டு மெஷினின் கோரிக்கை இரண்டாவது கார்டில் உள்ளே வருகிறது. சர்வர் பதிலும் சொல்கிறது, ஆனால் அந்தப் பதில் முதல் கார்டு வழியாக வெளியேறி பிராட்பேண்ட் ரவுட்டரிடம் போகிறது. 192.168 என்று தொடங்கும் தனிப்பட்ட முகவரிக்கு இன்டர்நெட்டில் வழி கிடையாது, ஆக பதில் அங்கேயே காணாமல் போகிறது. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் பக்கத்துத் தெருவில் போய்ச் சொன்ன மாதிரி. திரும்பும் பாதையைக் கறாராகச் சரிபார்க்கும் ஆர்பி ஃபில்டர் அந்த சர்வரில் போடப்பட்டிருந்தால் உள்ளே வரும் கோரிக்கையையே கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, தூக்கிப் போட்டிருக்கும், பதில் எங்கே போகிறது என்ற இந்தத் தடயம்கூடக் கிடைத்திருக்காது.

ஐபி ரூட் கெட் என்ற கட்டளையோடு யார்டு மெஷினின் முகவரியைக் கொடுத்தேன். அந்த முகவரிக்கு எந்தக் கார்டு வழியாக, எந்தக் கேட்வே வழியாகப் போகப் போகிறேன் என்று கெர்னலே ஒரே வரியில் சொல்லிவிடும். பாதைச் சிக்கல் என்றால் நான் முதலில் அடிப்பது இதைத்தான். யார்டுக்கான தனி ரூட்டு, அதாவது போகும் பாதை, பட்டியலிலேயே இல்லை, அதனால் டீஃபால்ட் கேட்வேயைக் காட்டியது.

ஆனால் புயலுக்கு முன்பு ஒரு வருடத்துக்கும் மேலாக எல்லாம் ஓடியதே? அட்மின் கணக்கின் பழைய கட்டளைகளைத் தேடியபோது கிடைத்தது: யார்டு நெட்வொர்க்குக்கு 172.16.5.1 வழியாகப் போ என்று யாரோ ஒருநாள் கையால் அடித்த ஒற்றை வரி. அடித்தார், வேலை செய்தது, கிளம்பிவிட்டார். எந்த ஃபைலிலும் எழுதவில்லை. அன்றிலிருந்து சர்வர் அணையவே இல்லை என்பதால் அந்த வரி கெர்னலின் நினைவில் உயிரோடு இருந்தது. புயல் அன்று அணைந்ததும் அதுவும் சேர்ந்து போய்விட்டது.

இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஐபி கட்டளையிலோ பழைய இஃப்கான்ஃபிக், ரூட் கட்டளைகளிலோ நீங்கள் கொடுக்கும் முகவரியும் பாதையும் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கு மட்டும்தான். மெஷின் அடுத்த முறை எழும்போது ஃபைலில் இருப்பதைத்தான் படிக்கும், நீங்கள் அன்றைக்கு அடித்தது அதற்குத் தெரியாது. ரீபூட் செய்து பார்க்காத செட்டிங்கை முடிந்த வேலையாக நான் எண்ணுவதில்லை, நீங்களும் எண்ணாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன், ஏனென்றால் அதன் விலையை ரோட்டில் வண்டியோடு நிற்கும் டிரைவர்தான் கொடுக்கிறார்.

சரி, எழும்போது என்ன நடக்கிறது? முதலில் மெஷின் தன்னோடு தானே பேசும் லூப்பேக், 127.0.0.1. அப்புறம் கார்டை அப் செய்வது, பிறகு அதற்கு முகவரி. முகவரியை நெட்மாஸ்க்கோடு கொடுத்த உடனே அந்த சப்நெட்டுக்கான, அதாவது கார்டு நேரடியாக இருக்கும் நெட்வொர்க்குக்கான, பாதையைக் கெர்னல் தானாகவே போட்டுக்கொள்ளும், அதனால்தான் எதிர்முனைக்கான பிங் அன்று வேலை செய்தது. அதற்குப் பிறகுதான் டீஃபால்ட் கேட்வேயும் மற்ற ரூட்டுகளும். ரூட்டுகள் கடைசியில்தான் வர வேண்டும். கேட்வேயை எட்ட வழி இல்லாதபோது அதன் வழியாக ரூட்டு போடச் சொன்னால் கெர்னல் மறுத்துவிடும்.

அந்த சர்வரில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ். அதில் ஈடிசி டைரக்டரிக்குள் நெட்வொர்க், அதற்குள் இன்டர்ஃபேசஸ் என்ற ஃபைல். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பத்தி இருக்கும். யார்டு ரூட்டை இரண்டாவது கார்டின் பத்தியில், அப் என்று தொடங்கும் வரியாகப் போட்டேன். முதல் கார்டின் பத்தியில் போட்டிருந்தால், அது எழும் நேரத்தில் இரண்டாவது கார்டு இன்னும் எழுந்திருக்காது, ரூட்டு ஏறாது, பிழைச் செய்தி லாகில் எங்கோ புதைந்து கிடக்கும். பத்திக்கு மேல் ஆட்டோ என்ற சொல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதுவும் இல்லாமல், ஹாட்பிளக் அனுமதி வரியும் இல்லாமல் இருந்தால், பத்தி எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் பூட்டின்போது அந்தக் கார்டை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

நிறையப் பேர் இந்த வரியை, பூட்டின்போது ஒருமுறை ஓடும் ஆர்சி லோக்கல் ஃபைலில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். ரீபூட் செய்தால் வேலை செய்யும், அதனால் சரி என்று தோன்றும். ஆனால் நடுவில் யாராவது கார்டை ஒருமுறை டவுன் செய்து அப் செய்தால் அந்தக் கார்டு வழியான ரூட்டுகளைக் கெர்னல் நீக்கிவிடும், ஆர்சி லோக்கலோ அடுத்த பூட் வரை மறுபடி ஓடாது. ரூட்டு அதன் கார்டோடு சேர்ந்து எழவேண்டும்.

அன்று ரூட்டு போட்ட பிறகும் வேலை முடியவில்லை. என்ட்ரி போட முடிகிறது, ஆனால் யார்டிலிருந்து மண்ணடி அலுவலகப் பிரிண்டருக்கு கேட் பாஸ் அனுப்ப முடியவில்லை. அது சர்வர் வழியாகக் கடந்து போக வேண்டிய டிராஃபிக், அதற்கு ஐபி ஃபார்வர்டிங் 1 ஆக இருக்க வேண்டும், இருந்ததோ 0. இதையும் முன்பு கையால் மாற்றியிருக்கிறார்கள், கெர்னல் செட்டிங்குகளை வைக்கும் சிஸ்சிடிஎல் ஃபைலில் எழுதவில்லை. ஒரே பழக்கத்தின் இரண்டாவது விளைவு.

உபுண்டுவில் 17.10 பதிப்பிலிருந்து நெட்வொர்க் செட்டிங்குக்கு நெட்பிளான் வந்துவிட்டது, அதை எழுதுவது யாமல் என்ற வடிவ ஃபைலில். அதில் இடைவெளிதான் எல்லாம், டேப் விழுந்தால் ஏற்காது, ஒரு வரி இரண்டு இடைவெளி தள்ளிப் போனாலே தகராறுதான். இதில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று நெட்பிளான் ட்ரை கட்டளை: புதிய செட்டிங்கைப் போட்டுவிட்டு 120 விநாடி காத்திருக்கும், நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் அப்ளை என்று நேரடியாக அடிக்கும் முன் இதை அடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரெட் ஹேட் வகையில் பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்ட்கள் 9-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன, எல்லாம் நெட்வொர்க் மேனேஜர்தான். என்எம்சிஎல்ஐ கட்டளையில் கனெக்‌ஷனோடு ரூட்டைச் சேர்த்தால் அது ஃபைலிலும் ஏறிவிடும். லினக்ஸ் அல்லாத ஃபிரீபிஎஸ்டியில் ஆர்சி கான்ஃப் என்ற ஒரே ஃபைல் போதும். ஓப்பன்பிஎஸ்டியில் கார்டுக்கு ஒரு ஹோஸ்ட்நேம் ஃபைல், கேட்வேக்கு மைகேட் என்ற ஃபைல், அவ்வளவுதான்.

கார்டின் பெயரையும் நம்பிவிடாதீர்கள். லினக்ஸ் எழும்போது சர்வீஸ்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியில், 2013 ஜனவரியில் வந்த 197-ஆம் பதிப்பிலிருந்து பழைய ஈத்0, ஈத்1 போய், கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் வைக்கும் முறை வந்தது. ஈஎன்பி3எஸ்0 என்றால் பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0. நல்ல முறைதான். ஆனால் மெஷினைத் திறந்து வேறொரு கார்டோ என்விஎம்இ டிஸ்க்கோ செருகினால் பஸ் எண்கள் நகர்ந்து, மூன்று நான்காகிவிடலாம். ஃபைலில் இருப்பது பழைய பெயர், எழுந்தது புதிய பெயரில், ஆக முகவரியே ஏறாது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கார்டு மாற்றுவது எங்களுக்கு அடிக்கடி வரும் வேலை, உப்புக் காற்றில் போர்ட்டின் உலோக முனைகள் பச்சை பூத்துவிடும், முதலில் லிங்க் விட்டு விட்டு வரும், அப்புறம் வராது. அதனால் கார்டிலேயே பதிந்திருக்கும் மேக் முகவரியை வைத்து, யார்டு லிங்க், அலுவலகம் என்று புரியும்படி நானே பெயர் வைத்துவிடுகிறேன். கார்டையே மாற்றினால் புது மேக் முகவரியையும் ஃபைலில் மாற்ற வேண்டும், இதை மறந்தால் பெயர் வைத்ததில் பயனே இல்லை.

இரண்டு கார்டிலும் டீஃபால்ட் கேட்வே போடுவது இன்னொரு தொல்லை. வெளியே போக ஒன்றுதான் வேண்டும், மற்ற பக்கத்துக்குத் தனி ரூட்டு. இரண்டாவது கார்டு, முகவரியைத் தானாக வாங்கும் டிஹெச்சிபியில் இருந்தால் கேட்காமலேயே ஒரு டீஃபால்ட்டைக் கொண்டுவந்து சேர்க்கும், அதைத் தடுத்துவிடுங்கள், அல்லது முன்னுரிமையைச் சொல்லும் மெட்ரிக் எண்ணைக் கூட்டிப் பின்னால் தள்ளுங்கள்.

இனி சொல்லப் போவது ரீபூட் செய்து பார்த்தவர்களையும் ஏமாற்றும். கரண்ட் போய் வரும்போது சர்வர் மட்டும் எழுவதில்லை. ஸ்விட்ச், ரவுட்டர், லிங்க்கின் பெட்டி எல்லாம் ஒரே நொடியில் எழத் தொடங்கும், எஸ்எஸ்டி போட்ட சர்வர் பெரும்பாலும் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கும். ஸ்விட்ச் எழுந்த பிறகும், நெட்வொர்க்கில் சுழற்சி வராமல் தடுக்கும் பழைய ஸ்பேனிங் ட்ரீ ஓடினால் போர்ட்டைத் திறக்க 15 விநாடி கேட்டு 15 விநாடி கற்று, மொத்தம் 30 விநாடி எடுக்கும். அந்த நேரத்தில் டிஹெச்சிபி கேட்டுச் சலித்துவிடலாம். குறிப்பிட்ட முகவரியில் உட்கார வேண்டிய டேட்டாபேஸ், முகவரி இன்னும் ஏறாததால் எழ முடியாமல் விழுந்து கிடக்கும். சிஸ்டம்டியில் நெட்வொர்க் டார்கெட் என்றால் முகவரி தயார் என்று பொருள் இல்லை. முகவரிக்காகக் காத்திருக்க வேண்டிய சர்வீஸ், நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்டை ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டு வரியிலும் கேட்க வேண்டும். ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டுப் போனவர்களின் சர்வரைப் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

ஃபைலில் எழுதாதது ரீபூட்டில் போய்விடும் என்பதை நன்மைக்கும் பயன்படுத்தலாம். தொலைவிலிருந்து ரூட்டை மாற்றுவதற்கு முன் பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி ஷட்டவுன் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். மாற்றத்தைக் கையால் மட்டும் போடுங்கள். தப்பாகி நீங்கள் வெளியே மாட்டிக்கொண்டால் மெஷின் பத்து நிமிடத்தில் பழைய ஃபைலோடு எழும். சரியாக இருந்தால் ஷட்டவுனை ரத்து செய்துவிட்டு ஃபைலில் எழுதுங்கள். எழுதுங்கள் என்பதைத்தான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்ணடி அலுவலகத்தில் இப்போது ஒவ்வொரு வருடமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒரு சனிக்கிழமை இரவில் மெயினையே அணைக்கிறோம். யுபிஎஸ்ஸையும் அணைத்துவிடுவோம். பத்து நிமிடம் கழித்து ஒரே சுவிட்சில் எல்லாவற்றையும் போடுவோம், யாரும் கீபோர்டைத் தொடக் கூடாது. முகவரிகளும் ரூட்டுகளும் அச்சடித்த ஒரு தாள் ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, திரையில் வருவதை அதோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறேன். யார்டில் அதே தம்பி காத்திருப்பார், ஒரு டெஸ்ட் என்ட்ரியும் கேட் பாஸும் போட்டுவிட்டுக் கூப்பிடுவார். முதல் வருடம் "அண்ணே, இன்னும் வரல" என்றுதான் போன் வந்தது, டேட்டாபேஸ் முகவரிக்குக் காத்திராமல் விழுந்திருந்தது, அன்றைக்குத்தான் அந்த இரண்டு வரியையும் சேர்த்தேன். மறுபடி அணைத்துப் போட்டோம். நாலு நிமிடத்தில் பிரிண்டரிலிருந்து தாள் வந்தது.