சொல்லுக்கும் உண்டு சேர்க்கை

நாற்பது பக்க நோட்டு. நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். நாளுக்குப் பத்துச் சொல். தமிழ் வழியில் படித்தவர்களில் பலர் ஒரு தடவையாவது இப்படி ஒரு நோட்டுப் போட்டிருப்போம். மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நோட்டு நிரப்பி வைத்திருந்தாள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பட்டென்று பொருள் சொல்வாள். ஒருநாள் அம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். கடைசி வரி இப்படி இருந்தது: ‘மை மதர் காஸ்டு மை சக்சஸ்.’

என் வெற்றிக்கு அம்மாதான் காரணம். தமிழில் எவ்வளவு அழகான வாக்கியம்! ‘காஸ்’ என்றால் காரணமாக இருப்பது என்று நோட்டிலும் சரியாகத்தான் இருக்கிறது. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் ஆங்கிலம் பேசிப் பழகிய காதுக்கு அந்த வரி உறுத்தும்.

வீட்டுப் பெரியவர்கள் ‘பையனுக்குச் சேர்க்கை சரியில்லை’ என்பார்களே, ‘காஸ்’ விஷயமும் அதுதான். விபத்து, சேதம், வலி, நோய், தாமதம் என்று பெரும்பாலும் வேண்டாதவற்றோடுதான் அந்த வினைச்சொல் சுற்றுகிறது. நம் ‘காரணம்’ அப்படி இல்லை. சாவுக்கும் காரணம் உண்டு, வெற்றிக்கும் காரணம் உண்டு. அவள் எழுத நினைத்ததை ஆங்கிலத்தில் ‘ஐ ஓ மை சக்சஸ் டு மை மதர்’ என்பார்கள். ‘ஓ’ அவள் நோட்டில் இருந்தது. எதிரே ‘கடன்பட்டிரு’ என்று எழுதியிருந்தாள். கடனுக்கும் அம்மாவுக்கும் முடிச்சுப் போட அந்த நோட்டு அவளுக்கு எந்த வழியும் காட்டவில்லை.

சொற்களின் சேர்க்கையைக் கண்ணால் பார்க்க வைத்தது கணினிதான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேரும் அவர் குழுவும், மக்கள் உண்மையிலேயே எழுதிய, பேசிய ஆங்கிலத்தை மொத்தமாகத் திரட்டிக் கணினியில் ஏற்றினார்கள். ஒரு சொல்லைக் கேட்டால், அது வரும் வரிகளை எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக, அந்தச் சொல் நடுவில் நிற்கும்படி கணினி அடுக்கித் தரும். இடமும் வலமும் யார் யார் நிற்கிறார்கள் என்று மேலிருந்து கீழாகப் படித்துவிடலாம். ‘செட் இன்’ என்றால் தொடங்குவது என்றுதான் நாம் படிப்போம். அடுக்கிப் பார்த்தால் அழுகலும் சோர்வும் கெட்ட வானிலையுமே அதிகம் ‘செட் இன்’ ஆகின்றன. கல்யாணக் களை ‘செட் இன்’ ஆவதில்லை. இந்தத் தொகுப்பை வைத்து 1987-இல் வந்த கோபில்ட் அகராதி, பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. சொல்லைத் தனியாகப் பிய்த்து எடுத்துக் காட்டுவதில்லை, அது புழங்கும் இடத்தில் வைத்தே காட்டுகிறது. ஆங்கிலம் கற்பவர்களுக்கு நடந்த பெரிய உதவிகளில் ஒன்று அது என்பேன்.

பொருளை மட்டும் நம்பினால் தாய்மொழிக்காரர்களே தடுமாறுவார்கள். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் பட்ரீஷியா கில்டியாவும் இதை எழுதினார்கள். ஆங்கிலமே பேசி வளரும் பள்ளிப் பிள்ளைகளிடம் தெரியாத சொல்லையும் அகராதிப் பொருளையும் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். ‘எரோட்’ என்பது அலை கரையை அரிப்பது போல அரித்தல். அகராதியில் அதற்கு ‘ஈட் அவுட்’ என்றும் ஒரு பொருள் இருந்தது. வெளியே போய்ச் சாப்பிடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே தொடர்தான். ஒரு பிள்ளை ‘எங்கள் குடும்பம் நிறைய எரோட் செய்யும்’ என்று எழுதிவிட்டது. ‘ஸ்டிமுலேட்’ என்றால் தூண்டுதல். அதற்கு ‘ஸ்டர் அப்’ என்ற விளக்கம் இருந்ததால் இன்னொரு பிள்ளையின் வாக்கியத்தில் ஓர் அம்மாள் சூப்பைக் கிண்டாமல் ‘ஸ்டிமுலேட்’ செய்தார். பிள்ளைகள் மேல் குற்றமே இல்லை. தெரியாத சொல்லுக்குப் பதில் தெரிந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் அமைத்தார்கள், பிறகு அந்த இடத்தில் புதுச் சொல்லைச் செருகினார்கள். என் மாணவி செய்ததும் இதுவேதான்.

சரி, ஒரே ஒரு சொல்லைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ‘ரிலக்டண்ட்’. நோட்டில் ‘தயக்கமுள்ள’ என்று இருக்கும். ‘ஹெசிட்டண்ட்’ என்று இன்னொன்று. அதற்கும் ‘தயக்கமுள்ள’. அப்படியானால் இரண்டும் ஒன்றா? வங்கி வாசலில் எந்தக் கவுன்டருக்குப் போவதென்று தெரியாமல் ஒருவர் நிற்கிறார். அது ‘ஹெசிட்டண்ட்’, நிச்சயம் இல்லாத தயக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிள்ளையை எழுப்பி டியூஷனுக்குக் கிளப்புகிறோம். எங்கே போக வேண்டும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும், மனசுதான் இல்லை. அது ‘ரிலக்டண்ட்’. தமிழில் ‘தயக்கம்’ என்ற ஒரு குடைக்குள் இரண்டும் நிற்கின்றன. ‘மனசில்லாமல்’ என்று எழுதியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியிருக்கலாம்.

மீதிப் பாதிக்கு வாக்கியம் வேண்டும். ‘ஹி இஸ் ரிலக்டண்ட்’ என்பது உதவாத வாக்கியம். அந்த இடத்தில் ‘டால்’ என்று போட்டாலும் பொருந்தும், ‘டயர்ட்’ என்று போட்டாலும் பொருந்தும். ‘ஷி வாஸ் ரிலக்டண்ட் டு சைன் த பேப்பர் பிகாஸ் ஷி ஹாட் நாட் ரெட் இட்’ என்பதைப் பாருங்கள். படிக்காத பத்திரத்தில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. சொல்லின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாலும் அங்கே என்ன மாதிரிச் சொல் வரும் என்று ஊகிக்க முடிகிறது. பின்னால் ‘டு’ வரும், அதன் பின்னால் ஒரு வினை வரும் என்பதும் கூடவே மனதில் ஏறிவிடுகிறது. எடுத்துக்காட்டு வாக்கியம் நல்லதா என்று பார்க்க இந்தக் கட்டைவிரல் சோதனையைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஊகிக்க முடியவில்லை என்றால் வேறு வாக்கியம் தேடு.

வாக்கியத்தோடு படித்தது ஏன் அதிகம் தங்குகிறது? 1975-இல் ஃபெர்கஸ் கிரெய்க்கும் எண்டெல் டுல்விங்கும் ஒரு சோதனை செய்தார்கள். சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு கேள்வி. சிலவற்றுக்கு, இது பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று. சிலவற்றுக்கு, இன்ன சொல்லோடு ஒத்து ஒலிக்கிறதா என்று. மற்றவற்றுக்கு, இந்த வாக்கியத்தில் பொருந்துமா என்று. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நினைவுத் தேர்வு வைத்தார்கள். வாக்கியத்தில் பொருத்திப் பார்த்த சொற்களே அதிகம் நினைவில் நின்றன. மனப்பாடம் செய்யும்படி யாரையும் அவர்கள் கேட்கவில்லை. பொருத்திப் பார்க்கும்போது அந்தச் சொல் நமக்கு ஏற்கெனவே தெரிந்த பத்து விஷயங்களோடு கொக்கி மாட்டிக்கொள்கிறது. பின்னால் தேடும்போது எந்தக் கொக்கியைப் பிடித்து இழுத்தாலும் வந்துவிடும்.

அப்புறம் தூக்கம். புதுச் சொல்லை முதலில் பிடித்து வைப்பதில் மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய சொற்களோடு அது கலந்து குடியேறுவதற்கு நேரம் பிடிக்கிறது. நிக்கோலா டுமேயும் கேரத் காஸ்கெலும் ‘கதீட்ரல்’ என்ற நிஜச் சொல்லுக்கு அண்டை வீடாக ‘கதீட்ரூக்’ போன்ற இட்டுக்கட்டிய சொற்களைக் கற்றுத் தந்தார்கள். புதுச் சொல் உண்மையிலேயே குடியேறிவிட்டால் பழைய சொல்லை அடையாளம் காண்பது சற்றே தாமதமாகும், இரண்டும் போட்டி போடுமே. காலையில் கற்று மாலையில் சோதித்தவர்களிடம் அந்தப் போட்டி தெரியவில்லை. இரவில் கற்று, தூங்கி எழுந்து காலையில் சோதித்தவர்களிடம் தெரிந்தது. தேர்வுக்கு முதல் நாள் விடிய விடியச் சொல் படிக்கும் பிள்ளையிடம் நான் இதைக் கெஞ்சிச் சொல்வேன்: கொஞ்சமாவது தூங்கு.

குடியேறினாலும் கூப்பிடாமல் விட்டால் சொல் தூர்ந்து போகும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. கூப்பிடுவது எப்படி என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2008-இல் ஜெஃப்ரி கார்பிக்கும் ஹென்றி ரோடிகரும் செய்தது. கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்கள். ‘மஷுவா’ என்றால் படகு என்பது போல. ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட பிறகும் சிலருக்கு அதைத் திரும்பத் திரும்பத் தேர்வு வைத்தார்கள். வேறு சிலருக்கு அந்தச் சொல்லுக்கான தேர்வை நிறுத்திவிட்டு, திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் விட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தேர்வு தொடர்ந்தவர்களுக்கு 80 விழுக்காடு அளவுக்கு நினைவிருந்தது. படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. எனக்கு எத்தனை நினைவிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னபோது எல்லாக் குழுவும் பாதிச் சொல் என்றுதான் சொன்னது. நன்றாகப் படித்துவிட்டோம் என்று மனம் சொல்வதை நம்ப முடியாது என்பதுதான் இதில் என்னை உலுக்கிய செய்தி. நடுக்கோட்டு நோட்டைத் திறந்து இரு பக்கமும் கண்ணை ஓட்டும்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

இப்போது அந்த மாணவி வேறு விதமாக எழுதுகிறாள். துண்டுச் சீட்டின் முன்பக்கம் சொல் வர வேண்டிய இடத்தில் கோடு போட்ட ஒரு வாக்கியம், பின்பக்கம் சொல்லும் தமிழில் ஒரு வரியும். சீட்டுகளைப் போட மூன்று மிட்டாய் டப்பா. முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரத்துக்கு ஒருமுறை. விடை சரியானால் சீட்டு அடுத்த டப்பாவுக்கு, தவறினால் முதல் டப்பாவுக்கே. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972-இல் பரப்பிய முறை இது. கைப்பேசியில் இருக்கும் சொல் பயிற்சிச் செயலிகள் பலவற்றுக்கும் அடிப்படை இதே யோசனைதான். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் நான்காகக் குறைந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

புத்தகத்தில் பார்த்த வாக்கியம் ஒன்று, சொந்தமாக ஒன்று என்பது எங்கள் ஒப்பந்தம். தன் வாழ்க்கையோடு தொட்டுக்கொண்டது தனியாக நிற்கிறது. போன வாரம் ‘ரிலக்டண்ட்’ சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளம் வந்த வருஷத்தை எழுதியிருந்தாள். தண்ணீர் வாசற்படி ஏறிய பிறகும், ‘மை ஆச்சி வாஸ் ரிலக்டண்ட் டு லீவ் ஹர் ஹவுஸ்’.