காசைத் தொட்டுப் பார்க்கும் பெட்டி

ஹட்டனில் என் அக்காவின் கணவர் நடத்தும் சில்லறைக் கடைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. மேலே தெளிந்த பிளாஸ்டிக் கூடு, கீழே சிவப்புப் பூசிய உலோக உடல், முன்னால் வண்ணத்துப்பூச்சியின் சிறகு போன்ற ஒரு கைப்பிடி. காசு போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால், பொம்மை வைத்து மூடிய பிளாஸ்டிக் உருண்டை ஒன்று கீழ்வாசலில் வந்து விழும். தரம் 6 படிக்கும் அக்கா மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து வயரைத் தேடினாள். வயரும் இல்லை, பற்றரியும் இல்லை. "கரண்ட் இல்லாமல் இதற்கு எப்படிக் காசு தெரியும், மாமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகவே மச்சானிடம் சாவியை வாங்கி, முழுவதையும் மேசையில் கழற்றிப் போட்டேன். கழற்றுவது எளிது. பெட்டியின் நடுவே மேலிருந்து அடிவரை ஒரே ஒரு நீண்ட கம்பி ஓடுகிறது. மூடி, கூடு, உடல் மூன்றையும் அதுதான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. உச்சியில் உள்ள பூட்டைத் திறந்தால் எல்லாம் அடுக்கடுக்காக வந்துவிடும்.

காசை அடையாளம் காண மனிதர்கள் முதலில் கண்டுபிடித்த வழி, நிறுத்துப் பார்ப்பது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், கோயிலில் புனித நீர் வழங்கும் பொறி ஒன்றை விவரித்திருக்கிறார். விழுந்த காசின் பாரத்தில் ஒரு தட்டு சாயும். மறுமுனை உயர்ந்து நீரின் அடைப்பைத் திறக்கும். தட்டு மேலும் சாய்ந்ததும் காசு வழுக்கி விழ, அடைப்பு மூடிக்கொள்ளும். கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்த்து வளர்ந்த மலைநாட்டுப் பிள்ளைக்கு இது சொல்லாமலே விளங்கும்.

எங்கள் பெட்டி நிறுப்பதில்லை. அதன் வழி தேயிலைத் தொழிற்சாலையின் சல்லடை வழி. காய்ந்த தேயிலை சல்லடைகளில் இறங்கி வரும்போது, ஒரு சல்லடையின் கண்ணில் நுழைந்து அடுத்ததன் கண்ணில் நுழைய முடியாமல் தங்குவது ஒரு தரம். மேல் சல்லடை "இதைவிடப் பெரிதில்லை" என்று உறுதி செய்கிறது. கீழ்ச் சல்லடை "இதைவிடச் சிறிதில்லை" என்று உறுதி செய்கிறது. இந்த இரண்டு கேள்விகளைத்தான் பெட்டியும் கேட்கிறது.

கைப்பிடிக்குப் பின்னால் வட்டமான ஓர் உலோகத் தட்டு இருக்கிறது. அதன் விளிம்பில் காசின் அளவுக்கு ஒரு பள்ளம். அகலமோ தடிப்போ கூடிய காசு அந்தப் பள்ளத்தில் இறங்காது. முதல் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. இறங்கிய காசோடு தட்டு சுழலும்போது, பள்ளம் ஒரு சிறிய உலோக நாக்கின் அடியில் வருகிறது. ஸ்பிரிங் ஒன்று அந்த நாக்கை எப்போதும் தட்டின் மீது அழுத்திக்கொண்டே இருக்கும். பள்ளம் வெறுமையாக இருந்தால் நாக்கு அதனுள் இறங்கித் தட்டைப் பூட்டிவிடும். சரியான காசு இருந்தால் அதன் விளிம்பு நாக்கைத் தூக்கிப் பிடிக்கும். நாக்கு காசின் மேல் வழுக்கிக்கொண்டு கடந்துவிடும். காசு சிறிதானால் நாக்குப் போதிய உயரத்துக்கு எழாது, தட்டு நின்றுவிடும். கண் இல்லாத ஒருவர் விரல் நுனியால் காசை இனம் காண்பதற்கு ஒப்பான வேலை இது.

தட்டின் ஓரத்தில் இன்னொரு நாக்கும் உண்டு. அது பற்களின் மீது ஏறி இறங்கிக் கைப்பிடியைப் பின்னோக்கித் திரும்ப விடாமல் தடுக்கிறது. இல்லாவிட்டால் பாதி திருப்பிப் பொம்மையை எடுத்துக்கொண்டு, மீண்டும் பின்னால் திருப்பிக் காசையும் எடுத்துவிடலாம். திருப்பும்போது கேட்கும் கரகர ஒலி இந்த நாக்கிலிருந்துதான் வருகிறது. ஜப்பானில் இந்தப் பெட்டிக்கு 'கச்சாபோன்' என்றே பெயர்: 'கச்சா' கைப்பிடி திரும்பும் ஒலி, 'போன்' உருண்டை விழும் ஒலி. 1965இல் அமெரிக்காவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த பெட்டி, இன்று அந்த நாட்டின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது.

எங்களுக்கு முதல் சிக்கல் இந்தத் தட்டிலேயே வந்தது. விற்றவர் அமெரிக்காவின் 25 சதக் காசுக்கு வெட்டிய தட்டைப் போட்டே அனுப்பியிருந்தார். அந்தக் காசின் விட்டம் 24.26 மில்லிமீற்றர். நமது பத்து ரூபாக் காசு 26.4 மில்லிமீற்றர், நுழையவே இல்லை. நல்லவேளையாகத் தட்டு தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பாகம்.

பத்து ரூபாக் காசுக்கு ஏன் பதினொரு பக்கங்கள் என்று நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். அளவுகோலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் அதன் அழகு தெரிந்தது. பன்னிரண்டு நேர்ப்பக்கங்கள் கொண்ட காசில் பக்கத்துக்கு எதிரே பக்கம் வரும், மூலைக்கு எதிரே மூலை வரும். ஆகவே பக்கத்துக்குப் பக்கம் அளந்தால் ஓர் அகலம், மூலைக்கு மூலை அளந்தால் வேறோர் அகலம். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றரை வீதம் வரை போகும். பதினொரு பக்கங்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ஒரு மூலை வந்துவிடுகிறது. எந்தத் திசையில் அளந்தாலும் அகலம் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் சுமார் ஒரு வீதம்தான். 26.4 மில்லிமீற்றரில் அது கால் மில்லிமீற்றர் அளவு. காசு எந்தப் பக்கம் திரும்பி விழுந்தாலும் நாக்கு ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு எழும். 1969இல் வந்த பிரித்தானியாவின் 50 பென்ஸ் காசு ஒரு படி மேலே போனது: ஏழு பக்கங்களையும் சற்று வளைத்து, எல்லாத் திசையிலும் அகலம் முற்றிலும் சமமாக இருக்கும்படி செய்தார்கள்.

இவ்வளவு பார்த்த பிறகும் மச்சான் பத்து ரூபாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. இன்றைய விலையில் பத்து ரூபாவுக்குப் பொம்மை கொடுக்க முடியாது. 25 சதத் தட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதே அளவில் வட்ட டோக்கன் வாங்கிக் கல்லாப்பெட்டியில் வைத்து விற்கிறார். வட்டத்துக்கு எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அகலம்தான். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கைப்பிடி திரும்பும்போது உள்ளே இன்னொரு சக்கரமும் திரும்புகிறது. கூட்டின் அடியில் படுத்திருக்கும் அந்தச் சக்கரத்தில், உருண்டை உட்காரும் அளவுக்குக் குழிகள் உண்டு. ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு குழி நகரும்படி பற்கள் அமைந்திருக்கின்றன. குழி, தரையில் உள்ள துளைக்கு மேலே வந்ததும் உருண்டை விழும். அந்த இடத்துக்கு மேலே ஒரு தடுப்பு இருந்து, மேலே கிடக்கும் உருண்டைகள் கூடவே இறங்காமல் பார்த்துக்கொள்கிறது.

இரண்டாம் நாள் காலை, கூட்டில் உருண்டைகள் நிறைந்திருந்தும் ஒரு சிறுவனுக்கு எதுவும் விழவில்லை. டோக்கன் போயிற்று, பையன் கலங்கிவிட்டான். மச்சான் உடனே வேறொரு டோக்கன் கொடுத்தார். நான் மேலிருந்து எட்டிப் பார்த்தேன். நாலைந்து உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, குழிக்கு மேலே ஒரு வளைவு கட்டி நின்றன. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம் நிற்பதும் இதே முறையில்தான். இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பி 1921இல் திறந்த அந்தப் பாலத்தில், ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்தித் தன்னையும் தாங்கிக்கொள்கிறது. மேலே பாரம் கூடக்கூட அழுத்தமும் கூடி வளைவு இன்னும் இறுகுகிறது. பாலத்துக்கு அது வரம். பெட்டிக்கு அது நோய்.

உருண்டையான பொருள்கள் துளை வழியே தடையின்றி வழிய வேண்டுமானால், துளை உருண்டையைப்போல் ஐந்து மடங்காவது அகலமாக இருக்க வேண்டும். நமக்கோ ஒரு தடவைக்கு ஒன்றுதான் விழ வேண்டும், ஆகவே துளையைப் பெரிதாக்க வழியில்லை. அதனால்தான் சக்கரத்தின் நடுவே கிளறும் கம்பி ஒன்று வருகிறது. சக்கரத்தோடு சுழன்று, வளைவின் ஒரு காலைத் தட்டிவிடுவது அதன் வேலை. எங்கள் பெட்டியில் அந்தக் கம்பி பொருத்தப்படாமல் உதிரிப் பையிலேயே கிடந்தது. பொருத்தியதோடு கூட்டை முக்கால் பங்குக்கு மேல் நிரப்புவதையும் விட்டோம். அதன் பிறகு இன்றுவரை அடைப்பு வரவில்லை.

இன்னொரு தொல்லை மலைக்கே உரியது. கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பக்கற் நானுஓயாவுக்கு வரும்போது தலையணை போல உப்பியிருப்பதை ரயிலில் வந்தவர்கள் கண்டிருப்பார்கள். ஹட்டனின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 வீதம் குறைவு. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 20 வீதம் குறைவு. கடலோரத்தில் இறுக மூடிய 50 மில்லிமீற்றர் உருண்டைக்குள் பழைய அழுத்தம் அப்படியே நின்றால், ஹட்டனில் அதன் இரு பாதிகளையும் பிரிக்கப் பார்க்கும் விசை கிட்டத்தட்ட 2.8 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். ஊசித்துளை போட்ட உருண்டையில் காற்று தானாக வெளியேறிவிடும். துளையில்லாத மலிவு உருண்டைகள் சில, பஸ்ஸின் குலுக்கலும் சேர்ந்து, வாயைப் பிளந்துகொண்டு வந்தன. பாதி திறந்த உருண்டை குழிக்குள் போனால் சக்கரத்தை நிறுத்திவிடும். நிரப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பது இப்போது அக்கா மகளின் வேலை.

இனி நிறுத்தி வைக்கும் வேலை. என் கவலை முழுவதும் இதில்தான் இருந்தது. பெட்டி கவிழ்ந்தால் கவிழ்வது ஒரு குழந்தையின் மீதுதான்.

கடைத் தராசிலேயே ஒவ்வொன்றாக நிறுத்தோம். நிரம்பிய தலைப்பாகம் 9 கிலோகிராம், அதைத் தாங்கும் இரும்புக் குழாய் 3, கூடவே வந்த தகட்டு அடித்தளம் 2. தலைப்பாகம் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் நிற்கிறது. கணக்கிட்டால் மொத்தத்தின் ஈர்ப்பு மையம் 74 சென்ரிமீற்றர் உயரத்தில் வருகிறது. அடித்தளத்தின் அரை அகலம் 20 சென்ரிமீற்றர். ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு அந்த 20 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பெட்டி விழும். அதற்கு 15 பாகை சாய்ந்தால் போதும். தலையில் வெறும் 2.8 கிலோகிராம் விசையால் தள்ளினாலே கவிழத் தொடங்கிவிடும். மழைநீர் வடிவதற்காக விறாந்தையைச் சரிவாகக் கட்டும் எங்கள் ஊரில் இது இன்னும் மோசம்.

அடித்தளத்தை 12 கிலோகிராம் வார்ப்பிரும்பாக மாற்றினோம். ஈர்ப்பு மையம் 45 சென்ரிமீற்றருக்கு இறங்கியது. சாய்வு வரம்பு 24 பாகையாக உயர்ந்தது. தள்ள வேண்டிய விசை 4.8 கிலோகிராம் ஆனது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் போதாது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கும் பிள்ளைக்கு 4.8 ஒரு பொருட்டே இல்லை.

சுவரில் தாங்கி அடித்து முழுப் பெட்டியையும் அதில் மாட்டலாம் என்றார் மச்சான். அதையும் கணக்கிட்டோம். ஆணிகளுக்கிடையே 30 சென்ரிமீற்றர் உயர வித்தியாசம், சுவரிலிருந்து 36 சென்ரிமீற்றர் தள்ளி 30 கிலோகிராம் பிள்ளை தொங்கினால், மேல் ஆணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை பிள்ளையின் பாரத்தால் மட்டுமே 36 கிலோகிராம். ஆணிகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் விசை இரட்டிப்பாகும். புதுச் சுவர் இதைத் தாங்கும். மச்சானின் கடைச் சுவரோ பழைய செங்கல், மேலே விரல் தடிப்புக்குச் சுண்ணாம்புப் பூச்சு. துளையிட்டால் பூச்சு மாவாக உதிர்ந்தது.

கடைசியில் பாரத்தைத் தரைக்கும் சாய்வைத் தடுக்கும் வேலையைச் சுவருக்கும் பிரித்துக் கொடுத்தோம். பெட்டி தன் காலிலேயே நிற்கிறது. 85 சென்ரிமீற்றர் உயரத்தில் ஓர் இரும்புக் கவ்வி குழாயைப் பிடித்துச் சுவரோடு கட்டுகிறது. ஆணிகளைப் பூச்சின் ஆழத்தைக் கழித்து, செங்கல்லின் உடம்பிலேயே இறக்கினோம். இரு கற்களுக்கிடையே உள்ள சாந்தில் இறக்கவில்லை. மச்சான் தன் முழுப் பலத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்மேல் பருவக்காற்று மாதங்களில் வட்டவளைப் பக்கத்திலிருந்து ஏறி வரும் மூடுபனி கடைக்குள்ளேயே நுழைந்துவிடும். காசுத் தட்டில் கிரீஸ் பூசினால், தூசியும் ஈரமும் சேர்ந்து பசையாகி நாக்கை ஒட்டவைத்துவிடும். உலர்ந்த கிராபைட் தூள் போதும். உறையில்லாத மிட்டாயை இந்தக் காலநிலையில் போடவே கூடாது.

துள்ளும் ரப்பர் பந்துகளையும் போடலாம் என்று மச்சான் நினைத்திருந்தார். 27 மில்லிமீற்றர் அளவில் பளபளவென்று அழகாகத்தான் இருந்தன. சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய பொருள்களைக் கண்டறிய, 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதையும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுப்பதில்லை. பந்துகளுக்கு விதி இன்னும் கடுமை, 44.4 மில்லிமீற்றர். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்திலிருந்து இறங்கி வரும் தாய்மாரின் இடுப்பில் இருப்பது பெரும்பாலும் அந்த வயதுக் குழந்தைதான். பந்துப் பொதியை மச்சான் திருப்பி அனுப்பிவிட்டார். உருண்டைக்குள் இருக்கும் பொம்மைகளிலும் சிறியவை உண்டு என்பதால், வயது எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கைப்பிடிக்கு மேலே ஒட்டியிருக்கிறார்.