வீக்கம் வத்தியாச்சு, அப்புறம் எதுக்கு லீவு?

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார், தம்பி குதிரை லாயத்துல வேலை பார்க்குறான், ஒரு குதிரை மிரண்டு இழுத்ததுல கணுக்கால் பிசகிடுச்சு, எக்ஸ்ரேல எலும்பு நல்லா இருக்கு, 10 நாள்ல வீக்கமும் வத்திடுச்சு, நல்லாவே நடக்குறான், ஆனா டாக்டர் இன்னும் 3 வாரம் குதிரைகிட்ட போகாதேங்குறார், இது கொஞ்சம் ஓவரா இல்லையா சார்னு. ஓவர் இல்லைங்க.

சுளுக்கு ஸ்கூல்ல படிச்சதுதான். ரெண்டு எலும்பைச் சேர்த்துக் கட்டியிருக்குற லிகமென்ட் இழுபட்டு நார் நாரா கிழியுது, வீங்குது, உடம்பு புதுசா கொலாஜன்ங்கிற புரத நாரைப் போட்டு ஒட்டுது. முதல்ல போடுற ஒட்டு மெல்லிசா தாறுமாறா கிடக்கும், அது வரிசைக்கு வந்து முறுக்கேற மாசக்கணக்காகும். சரி, இதை விடுங்க.

லிகமென்ட்டை எல்லாரும் வெறும் கயிறுன்னு நினைக்கிறோம், ஆனா அதுக்குள்ள நரம்பு முனைகள் இருக்கு, மூட்டு எந்தப் பக்கம் சாயுது, எவ்வளவு இழுபடுதுன்னு ஓயாம தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்பிக்கிட்டே இருக்கும். ராத்திரி கரண்ட் போனப்ப பாதத்தைப் பார்க்காமலே மாடிப்படி இறங்குறோமே, அதுல இதுக்கும் தசைகளுக்குள்ள இருக்குற சென்சாருக்கும் பங்கு இருக்கு. பாதம் உள்பக்கமா மடங்க ஆரம்பிச்ச உடனே, மூளைகிட்ட பர்மிஷன் கேக்காம, ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்குக்குள்ள கெண்டைக்கால் வெளிப்பக்கத் தசை முழிச்சுக்கிட்டுப் பாதத்தை இழுத்து நிறுத்தப் பார்க்கும். 1965ல பிரிட்டன்ல ஃப்ரீமேனும் கூட இருந்தவங்களும் என்ன சொன்னாங்கன்னா, சுளுக்குல கயிறு மட்டும் கிழியல, கூடவே தகவல் அனுப்புற இந்த நரம்பு ஒயரும் அறுந்துபோகுது, அதான் வலி போன பிறகும் கால் திடீர்னு மடங்குதுன்னு. சுளுக்கு பட்டவங்களை அடிபட்ட காலால மட்டும் நிக்கச் சொன்னா ஆடினாங்க, ஆடுற பலகைமேல நின்னு பழகினவங்களுக்குத் தேவலாம ஆச்சு. ஒயர் மட்டுமே காரணம் இல்ல, மூளையும் தண்டுவடமும்கூட மாறுதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. அதே 1965ல இன்னொரு குழு நல்லா இருக்குற முழங்காலுக்குள்ள திரவத்தை ஏத்திப் பார்த்தாங்க, அடியே படாத காலு, ஆனா மூட்டு வீங்கினதும் தொடைத் தசை பலம் குறைஞ்சுபோச்சு! தண்டுவடமே தசைக்கு பிரேக் போடுது. எனக்கு இது எத்தனை தடவை படிச்சாலும் அலுக்காது.

இப்ப குதிரைகிட்ட வருவோம். 450, 500 கிலோ இருக்கும், கிட்டத்தட்ட சுத்திலும் கண்ணு தெரியும், நேர் பின்னாடியும் நெத்திக்கு நேர் முன்னாடி கொஞ்சமும்தான் தெரியாது, ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்தாக்கூட முதல்ல ஓடும், அப்புறம்தான் என்னன்னு பார்க்கும். அந்த நேரத்துல நீங்க வைக்கோல்மேலயோ மணல்மேலயோ பக்கவாட்டுல தாவணும். ஆபீஸ் வேலைக்கு, பாதத்தை இழுத்து நிறுத்துற இந்த ரிஃப்ளெக்ஸ் லேட்டா வந்தாலும் பரவாயில்ல, இங்க லேட்டானா குளம்புக்கு அடியில போயிடுவீங்க.

ஒரு லாயத்துல நான் பார்த்ததைச் சொல்லணும். பந்தயக் குதிரைக்கு முன்னங்கால் டெண்டன்ல, அதாவது தசையை எலும்போட கட்டியிருக்குற நாண்ல, அடின்னா ஸ்கேன் எடுத்து 9 மாசம், ஒரு வருஷம்னு ஓய்வு, முதல்ல கயிறு பிடிச்சு மெல்ல நடக்கவைக்கணும்னு அட்டவணை போட்டுச் சுவத்துல ஒட்டியிருந்தாங்க. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்த அண்ணன் நொண்டிக்கிட்டே நடந்தார், அவருக்குக் கிடைச்சது ரெண்டு நாள் லீவும் ஒரு தைலமும். ரெண்டு கால்லயும் இருக்குறது அதே கொலாஜன்தான். குதிரை டெண்டன் ஆராய்ச்சிக்குப் போற பணத்துல கொஞ்சம் இவங்க கணுக்காலுக்கும் போகலாமேன்னு எனக்குத் தோணுச்சு, அவரோ திருஷ்டி பட்டுடுச்சு சார், வீட்டு வாசல்ல லாடம் அடிக்கணும்னார். லாடம் அடிச்ச காலுதானே அண்ணே உங்க பாதத்தை மிதிச்சுதுன்னு கேட்டேன், சிரிச்சார்.

தம்பியை சுவத்தோரமா ஒத்தக் கால்ல கண்ணை மூடி நிக்கச் சொல்லுங்க, முதல்ல நல்ல கால்ல, அப்புறம் அடிபட்ட கால்ல. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா ஒயர் இன்னும் சரியாகல. ஆனா படுத்தே கிடக்கவும் வேணாம், டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ கேட்டுத் தினமும் பல் தேய்க்கும்போது இந்த மாதிரி நின்னு பழகலாம். அதுவரை சேணத்துக்கு எண்ணெய் போடுறது, தீவனம் அளக்குறதுன்னு கேட்டு வாங்கிக்கட்டும், கயிறு பிடிக்கிற வேலை மட்டும் வேணாம்.