நியான் ரெட்டிகுலேட்டஸ்: வலை பின்னாத சிலந்திக்கு வலைப் பெயர்

ஐரோப்பியக் காடுகளில் உதிர்ந்த சருகுக்கும் பாசிக்கும் இடையே வாழும் மிகச் சிறிய தாவும் சிலந்தி இது. உடல் நீளம் 2 முதல் 3 மி.மீ. கடுகைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

ரெட்டிகுலேட்டஸ் என்பது லத்தீன். ‘ரேட்டே’ என்றால் வலை. இதை ‘வலைச் சிலந்தி’ என்று பெயர்த்துவிடத் தோன்றும், பொருள் தலைகீழாகிவிடும். இரை பிடிக்க இது வலை பின்னுவதே இல்லை. வலை இருப்பது வயிற்றின் மேல்தோலில், வெளிர் நிறமும் கருமையும் பின்னிய கோலமாக. ஆகவே ‘வலைக்கோல’ என்பதே சரி. நூல் இதற்கும் உண்டு: முட்டையிடவும் தோலுரிக்கவும் பட்டிழையால் சிறு அறை நெய்துகொள்ளும், தாவுமுன் நின்ற இடத்தில் ஓர் இழையை ஒட்டிவிட்டே கிளம்பும்.

நியான் என்றதும் விளக்குகளின் வாயு நினைவுக்கு வரும். தொடர்பில்லை. பிரெஞ்சு அறிஞர் சிமோன் நியான் என்ற பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்புக்கு, பெயரிட்டது 1876இல். வாயுவைக் கண்டுபிடித்தது 1898இல்தான். ரெட்டிகுலேட்டஸ் என்ற இனத்தை அதற்கு முன்பே, 1853இல் விவரித்தவர் ஆங்கிலேயர் ஜான் பிளாக்வால். அப்போது அவர் அதைச் சால்டிகஸ் பேரினத்தில் வைத்திருந்தார்.

அந்தச் சால்டிகஸிலிருந்தே சால்டிசிடே என்ற குடும்பப் பெயர் வந்தது. 6000க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம். வேர்ச்சொல் ‘சல்தாரே’: ஆடுதல், துள்ளுதல். பெண்ணின் முன் கால் தூக்கி ஆடும் ஆண் சிலந்திகளைப் பார்த்தவர்களுக்கு இரு பொருளும் பொருந்துவது தெரியும்.

தமிழில் ‘குதிக்கும் சிலந்தி’ என்பது பரவலான வழக்கு. குதித்தல் பெரும்பாலும் மேலிருந்து கீழே. இங்கிருந்து அங்கே போவது தாவுதல். இரைமேல் விழுவது பாய்தல். இச்சிலந்தி முன்பக்கப் பெருங்கண்களால் தொலைவை அளந்து, உடல்நீர் அழுத்தத்தைக் கூட்டிப் பின்பகுதிக் கால்களை வெடுக்கென நீட்டித் தாவுகிறது. ஆகவே ‘தாவும் சிலந்தி’ மேல். அதைவிட அழகானது அகராதிகளில் ஈப்பிடிக்கும் சிலந்தியைக் குறிக்கும் ‘ஈப்புலி’. பதுங்கல், பாய்ச்சல் இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஈப்புலி, இந்த இனத்துக்கு வலைக்கோல ஈப்புலி என்று வழங்கலாம். ‘சருகு ஈப்புலி’ வேண்டாம். சருகில் வாழும் தாவும் சிலந்திகள் வேறும் உண்டு.

தேடுவோர் சருகைச் சல்லடையிலிட்டு வெள்ளைத் தட்டின்மேல் சலிப்பார்கள். விழுந்தவுடன் அசையாமல் கிடந்தால் மண்துகள் போலவே தெரியும். அவசரப்பட்டுத் தட்டைக் கொட்டினால் சிலந்தியும் போய்விடும். சற்றுப் பொறுத்தால் துகள் நடக்கத் தொடங்கும். கிடைத்ததும் கோலத்தை மட்டும் நம்பிப் பெயர் எழுதக்கூடாது. நியான் வலென்டுலஸ், நியான் ரோபஸ்டஸ் ஆகியவையும் இதைப் போலவே இருக்கும். வளர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். குஞ்சு என்றால் ‘நியான் இனம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.