வாடகைத்தாய்: கர்ப்பவதி அட்டையில் யாருடைய பெயர்?

கருப்பையும் உடல்நிலையும் கர்ப்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு வாடகைத்தாய் தேவைப்படுவதில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதைக் கேட்டு வருகிற தம்பதியரில் பலருக்குக் கருக்குழாய் அடைப்போ விந்தணுக் குறைவோதான். அதற்கு வேறு சிகிச்சை உண்டு. பிறவியிலேயே கருப்பை இல்லாதவர், பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் கருப்பை எடுக்கப்பட்டவர், இதயமோ சிறுநீரகமோ கர்ப்பத்தைத் தாங்காதவர் ஆகியோருக்கே இந்த வழி. கருப்பையை எடுத்தாலும் இளம் பெண்ணுக்கு முட்டை தரும் சூலகங்களைப் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் அதைப் பாருங்கள். 35 வயதுக்குப் பின் முட்டையின் தரம் வேகமாக இறங்கும், காத்திருக்க வேண்டாம்.

முட்டைகள் வளர மனைவிக்கு 10 முதல் 12 நாள் ஊசி. முட்டைப் பைகள் 17, 18 மில்லிமீற்றர் வளர்ந்ததும் கடைசி ஊசி போட்டு, ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் முட்டைகளை எடுப்பார்கள். ஆய்வுகூடத்தில் ஐந்து நாள் வளர்ந்த கருவை உறைய வைக்கலாம். வாடகைத்தாயாகச் சுமப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் கொடுத்து, கருப்பையின் உட்படலம் 7 மில்லிமீற்றரைத் தாண்டியதும் புரொஜெஸ்ரரோன் ஹோர்மோன் தொடங்கிக் கருவை வைப்பார்கள். ஒன்று மட்டும். ஒரே செலவில் இரட்டைப் பிள்ளை என்ற கணக்கு, குறைமாதப் பிரசவத்தையும் உயர் இரத்த அழுத்தத்தையும் இன்னொருத்தியின் உடம்பில் ஏற்றிவிடும்.

"தங்கச்சி சுமந்து தருவா" என்பார்கள். தங்கச்சி ஏற்கெனவே சிக்கலில்லாமல் பெற்றவராக இருக்க வேண்டும். கல்யாணமாகாத பிள்ளையைக் கேட்கவே கூடாது.

பெரிய ஆபத்து கர்ப்பவதி கிளினிக்கில்தான் தொடங்குகிறது. ஊர் வாய்க்குப் பயந்து, சுமப்பவரை மனைவியின் பெயரில் பதிந்து, மனைவியின் பழைய இரத்தக் குழு அட்டையையும் கொடுத்துவிடுகிறார்கள். சுமப்பவரின் இரத்தம் ஆர்.எச். நெகற்றிவ் என்றால் அது அங்கேயே மறைந்துவிடும். குழந்தை பொசிற்றிவ் ஆகலாம். 28ஆம் வாரத்திலும், பிறந்து 72 மணித்தியாலத்துக்குள்ளும் போட வேண்டிய அன்டி-டி ஊசி (பொசிற்றிவ் இரத்தத்துக்கு எதிரான பொருள் சுமப்பவரின் உடம்பில் உருவாகாமல் தடுப்பது) தவறினால், அவர் பிறகு தனக்கென்று சுமக்கும் பிள்ளைக்குத்தான் பாதிப்பு. சுமப்பவரின் கணவர் நெகற்றிவ் என்று இதை விட்டுவிடவும் முடியாது. குழந்தை அவருடையதல்ல, கரு கொடுத்த தம்பதியின் இரத்தக் குழுவைத்தான் வைத்தியர் பார்க்க வேண்டும்.

பொய்த் தகவலில் பிறப்பைப் பதிவது குற்றமும்கூட. இலங்கையில் வாடகைத்தாய்க்கென்று தனிச் சட்டம் இல்லை. பெற்றவரே தாயாகப் பதியப்படுவார். பிள்ளையைத் தமதாக்கத் தம்பதி 1941ஆம் ஆண்டின் தத்தெடுப்புக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றம் போக வேண்டி வரும். ஆகவே கரு வைப்பதற்கு முன்பே சட்டத்தரணியிடம் போங்கள். சுமப்பவருக்கும் கணவருக்கும் வேறு சட்டத்தரணி இருப்பது நல்லது. முஸ்லிம் குடும்பங்கள் மார்க்க அறிஞரிடமும் முதலிலேயே கேட்கட்டும். பெரும்பாலான அறிஞர்கள் இதை ஏற்பதில்லை.

சென்னைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லும் முகவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியச் சட்டம் பணத்துக்குச் சுமப்பதைத் தடை செய்கிறது. இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டுத் தம்பதியருக்கு அங்கே இடமே இல்லை. தாய்லாந்தும் 2015இல் வெளிநாட்டவருக்குக் கதவை மூடிவிட்டது.